நாற்பது பைகளும் என் மஞ்சளும்

ஆகஸ்ட் 4, திங்கள்

தூறல். மூன்றாம் நாளாக. தீவின் மேட்டுப்பக்கமான இந்த ரோஸ் பெல்லில் துணி காயும் என்று நம்புகிறவள் நான் ஒருத்திதான்.

வாங்க வேண்டியவை: அரிசி, தீப்பெட்டி, இவருக்குச் சிவப்பு மை (பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பரீட்சைத் தாள் திருத்த), சரோஜாவுக்கு வெள்ளை நூல் ஆறு கண்டு.

பக்கத்து வீட்டு சரோஜா கால்சட்டை ஃபாக்டரி வேலைக்குப் போவதை நிறுத்தி இரண்டு மாதம். வேலைக்குப் போன காலத்தில், பிள்ளைகள் இரண்டும் விழித்திருக்கும்போது அவள் வீட்டில் இருந்ததே இல்லை. இப்போது ஃபாக்டரிக்காரர்கள் கரும்புத்தோட்ட ஓரத்தில் கொட்டி எரிக்கும் வெட்டுத்துணிகளைக் கேட்டு வாங்கி வந்து பை தைக்கிறாள். வெள்ளையும் நீலமுமாக ஒட்டுப் போட்ட பை. கூட மூன்று பெண்கள். துணி எரிகிற நாற்றமும் குறைந்திருக்கிறது, அந்தப் புண்ணியமும் அவளுக்கே.

வெள்ளிக்கிழமைக்குள் கடற்கரை ஓட்டல் கடைக்கு நாற்பது பை. கடையை நடத்தும் மதாமுக்குப் பிடித்தால் மாதாமாதம். பிடிக்காவிட்டால் வரும் திங்கள் ஃபாக்டரி பஸ். சூப்பர்வைசர் அதுவரைதான் இடம் வைத்திருப்பாராம்.

"லிஸீனுக்குத் திரும்பிப் போக மாட்டேன் அக்கா," என்றாள். ஃபாக்டரிக்கு இங்கே லிஸீன். சொல்லும்போது பல்லால் நூலைக் கடித்தாள், கோபமாக.

ஆகஸ்ட் 6, புதன்

தூறல்தான்.

நாற்பதும் முடிந்தது! சரோஜா வீட்டுத் தகரம் ஒழுகுவதால் பைகள் என் வீட்டில். இஸ்திரி என் பொறுப்பு. அழகு என்றால் அழகு. ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். இவர் பார்த்துவிட்டார். "ஓட்டலுக்குப் புறப்பட்டாச்சா?"

ஒரே உறுத்தல். ஆடி மாதம். ஆடியில் யாராவது புதுத் தொழில் தொடங்குவார்களா? சொன்னால் சரோஜா பயப்படுவாள். அதனால் பூஜை முடிந்ததும், புதுத்துணிக்குச் செய்கிற மாதிரி, மஞ்சளைக் குழைத்து ஒவ்வொரு பையின் மூலையிலும் ஒரு பொட்டு. நாற்பது பொட்டு. நிம்மதி.

மாலை 5 மணி. நிம்மதி போயிற்று.

சரோஜா வந்தாள். ஒரு பையை எடுத்தாள். இன்னொன்று. இன்னொன்று.

"அயோ! அக்கா, கிஸா சா? என்ன இது? ஸாஃப்ரானா?"

மஞ்சளை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஆமாம் என்றேன். வெள்ளைத் துணியில்தான் எல்லாமே விழுந்திருக்கிறது. அவள் திட்டவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருக்கலாம்.

அவசரத்தில் இரண்டு பையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் சிவப்பானது. வெற்றிலை துப்பிய மாதிரி. என்னைப் போல ஒரு மக்கு இந்தத் தீவில் உண்டா!

பிறகுதான் நினைவு வந்தது: மஞ்சள் கறை வெயிலுக்கு மட்டுமே பயப்படும். சரி, வெயிலுக்கு எங்கே போவது?

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்: "ஓட்டல் இருக்கிற இடத்தில்தான் வெயில். வெயிலுக்காகத்தானே வெள்ளைக்காரன் விமானம் ஏறி வர்றான்."

முதல் முறையாக இவர் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்கப்போகிறேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முதல் பஸ். சரோஜா, நான், இரண்டு மூட்டை. குயூர்பிப்பில் மழையில் பஸ் மாறி, மலை இறங்கியதும் கண் கூசும் வெயில். அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

ஓட்டல் மதிலுக்கு வெளியே எல்லோருக்குமான மணற்கரை. சவுக்கு மரங்களில் கயிறு கட்டி, நாற்பது பையையும் நனைத்துக் கொடியில் போட்டோம். அப்புறம் ரொட்டியும் அஷார் ஊறுகாயும் சாப்பிட்டுக் காவல்.

ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். ஈரப் பையைத் தடவினார். மனைவியைக் கூப்பிட்டார். கடை என்று நினைத்துவிட்டார்கள்! நான் கையை ஆட்டி "நோ, நோ" என்கிறேன், சரோஜா அதற்குள் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பின்னாலேயே ஒரு கூட்டம். ஈரம் சொட்டச் சொட்ட மாட்டிக்கொண்டு போகிறார்கள். பதினொன்று போயிற்று.

"ஓட்டலுக்கு நாற்பது சொன்னோமே, சரோஜா!"

"கேக்கிறாங்க, அக்கா. நான் என்ன செய்ய?" முகமெல்லாம் சிரிப்பு.

அப்போதுதான் மதாம். மதிலுக்கு உள்ளிருந்து பார்த்திருக்கிறாள். நேரே கொடிக்கு வந்தாள். "இவை என் பைகள்தானே?" ஒவ்வொன்றாகத் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்தாள். பொட்டுகள் பெரும்பாலும் வெளுத்துவிட்டன. சோப்புப் பட்ட இரண்டில் ஒன்று மட்டும் இன்னும் காட்டிக்கொடுத்தது. இது என்ன என்றாள்.

சரோஜா பொய் சொல்லவில்லை. கிரியோலில் எல்லாம் சொன்னாள், ஆடி மாதம் உட்பட. (ஆடியைப் பற்றி அவளிடம் யார் சொன்னது? இவர்தான்!) மதாம் சிரிக்கவில்லை. இருபத்தொன்பதையும் எடுத்துக்கொண்டாள். மீதி பதினொன்று அடுத்த வெள்ளி. செப்டம்பருக்கு அறுபது. கரையில் விற்பனை கூடாது. மஞ்சள் கூடாது.

திரும்பும் பஸ்ஸில் சரோஜா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எனக்கு மூக்கெல்லாம் வெயிலில் எரிச்சல்.

ஆகஸ்ட் 11, திங்கள்

தூறல். ஆறரைக்கு ஃபாக்டரி பஸ். சரோஜா வீட்டுக்கு எதிரே நின்று இரண்டு தரம் ஹார்ன். அவள் ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் சின்னவளின் சீப்போடு வெளியே வந்தாள். போகச் சொல்லிக் கத்தரிக்கோலை ஆட்டினாள். பஸ் போயிற்று. அவள் மகளுக்குத் தலை பின்ன உள்ளே போனாள்.

பத்து மணிக்கு வந்து என் மஞ்சள் டப்பாவைப் பறிமுதல் செய்துகொண்டு போனாள். சாம்பாருக்குக் கேட்டால் ஒரு ஸ்பூன் தருவாளாம்.

புதுப் பைகளில் மூன்று இஸ்திரிக்கு வந்திருக்கின்றன. பூஜை அறையில் ஒரு மஞ்சள் கிழங்கு இருப்பது அவளுக்குத் தெரியாது. உள் தையலுக்குள், வெளியே தெரியாமல், மூன்று பொட்டு வைத்தாயிற்று.