பாதிப் பந்தியில் எழுந்தவர்

அந்தியோக்கியா, ஆற்றங்கரைத் தெரு
தியோஸ் மாதம் 4

எமீமாவுக்கு,

சமாதானம் சொல்லித்தான் கடிதத்தைத் தொடங்கவேண்டும் என்று நம் சபையில் பழக்கியிருக்கிறார்கள். இன்றைக்கு என்னிடம் அது கைவசம் இல்லை.

தெற்கு வாசலில் இருக்கும் உன் வீட்டுக்கும் என் ரொட்டி அடுப்புக்கும் நடுவில் இருப்பது ஒரு கடைத்தெரு. அந்தத் தூரத்துக்குக் கடிதம் எழுதிக் கழுதைக்காரரிடம் கொடுத்தனுப்பும் நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய். நேரில் வந்தால் வாசலில் நிற்கவைத்துத்தான் பேசுவாய். அந்த அவமானம் எனக்கு வேண்டாம்.

வாரத்தின் முதல் நாள் என் வீட்டுப் பந்தியில் நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். கேபா யார்? ஆண்டவரோடு கூடவே நடந்தவர், அப்போஸ்தலர்களில் முதலாமவர். யூதராகப் பிறந்தும் இந்தக் கிரேக்கச்சி கையால் மாதக்கணக்கில் சாப்பிட்டவர். அவர் முதன்முதலாக இங்கே சாப்பிட வந்த அன்று விவரம் தெரியாமல் கெளுத்தி மீன் வைத்துவிட்டேன். செதில் இல்லாத மீனை உங்கள் ஆட்கள் தொடமாட்டீர்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எல்லோரும் தட்டைப் பார்த்து விழித்தீர்கள். அவர் மட்டும் சிரித்தார். யோப்பாவில் மொட்டைமாடியில் பசியோடு இருந்தபோது, சகல மிருகங்களோடும் வானத்திலிருந்து ஒரு துப்பட்டி இறங்கியதையும், எதையும் தீட்டென்று சொல்லாதே என்று குரல் கேட்டதையும் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு துண்டை வாயில் போட்டார். "ஏம்மா, இதுவா மீனு? எங்க கலிலேயாவுல பூனைகூட மோந்து பாக்காது" என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு துண்டு கேட்டு வாங்கினார். அன்றைக்கு உள்ளே போய் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதே மனிதர், எங்களோடு சாப்பிடுவதே தீட்டென்று நினைக்கும் நாலு பேர் எருசலேமிலிருந்து வந்து வாசலில் தலையைக் காட்டியதும், வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்தார். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சும்மா பார்த்தார்கள், அவ்வளவுதான். "கொஞ்சம் வேலை இருக்கும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அவர் பின்னால் உங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியில் நீ. கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாய். என் புருஷன் செத்த அன்று என்னைக் கட்டிக்கொண்டு படுத்தவள் நீ, எமீமா.

ஆண்டவரைப் பிடித்துக்கொண்டுபோன இரவில் அவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்ததை அவரே என் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொல்லி அழுதிருக்கிறார். அன்றைக்காவது ஒரு வேலைக்காரி கேட்டாள், உயிருக்குப் பயந்தார். இன்றைக்கு அவரை யார் கேட்டார்கள்?

அவரை விடு. நீ ஏன் எழுந்தாய்? எனக்குப் பதில் வேண்டும்.

மெலித்தா


தெற்கு வாசல்
மார்கெசுவான் (உங்கள் தியோஸ்) மாதம் 11

அன்புள்ள மெலித்தா அக்காவுக்கு,

நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் சொல்கிறேன், உங்களுக்குச் சமாதானம்.

வந்த நாலு பேரில் ஒருவர் எலியாசிபு. அவருடைய மகனுக்குத்தான் நம் பெண் அக்சாளை நிச்சயம் செய்திருக்கிறோம். உங்களிடம் சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அவர் வீட்டில் யாரும் புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள். அன்றைக்கு உங்கள் வீட்டைவிட்டு வந்ததும் தெருவில் வைத்தே என்னைப் பிடித்துக்கொண்டார்; நான் கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டதை அவர் கவனிக்கவில்லை. "சம்பந்தியம்மா, அந்த வீட்டுல நீங்க கை நனைக்கிறது உண்டா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அப்பா இல்லாத பெண் அக்கா அவள். இந்த இடம் தவறினால் இன்னொரு இடம் எங்கே தேடுவேன்?

கேபாவே எழுந்துவிட்டார். அவருக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியும்? அவர் எழுந்ததும் என் கால் தானாக எழுந்துவிட்டது.

எங்களுக்காக நீங்கள் பன்றி இறைச்சியை விட்டதையும், பழைய பானைகளை உடைத்துப் புதிது வாங்கியதையும் நான் மறக்கவில்லை. கல்யாணம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பழையபடி வந்துவிடுகிறேன். விருந்துக்கு உங்கள் அடுப்பு ரொட்டி வாங்கமுடியாது, அதுதான் எனக்கு மனக்குறை.

உங்கள் தங்கை
எமீமா


ஆற்றங்கரைத் தெரு
தியோஸ் மாதம் 13

எமீமாவுக்கு,

பொறுத்துக்கொள்ளவேண்டுமா? நான் என்ன உன் வீட்டுப் பழைய பாத்திரமா, விருந்தாளி வந்தால் பரணில் ஒளித்து, போனதும் இறக்கிக்கொள்ள? அக்சாள் பிறந்தபோது அவளை முதலில் கையில் வாங்கியவள் நான். அவள் கல்யாணத்துக்கு என் ரொட்டி ஆகாது, என் கண்ணீர் மட்டும் ஆகுமோ?

நம் சபையில் போதிக்கும் தர்சு ஊர்க்காரர், பாதிப் பந்தியில் எழுந்தது வெளிவேஷம் என்று சபை நடுவில் கேபாவை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டதை நீயும் கேள்விப்பட்டிருப்பாய். நான் அங்கே இருந்தேன். அத்தனை பெரிய உடம்பு கூனிக்குறுகி நின்றது. எனக்குப் பாவமாக இல்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

மறுநாள் காலை நான் அடுப்பு மூட்டும்போது கதவைத் தட்டினார்.

"என்ன வேணும்?" என்றேன்.

"பசிக்குதும்மா."

"ஏன், எருசலேம்காரங்க சோறு போடலையா?"

"போட்டாங்க. எறங்கல."

"இது தீட்டு வீடு."

"திட்டு. உள்ள வந்து வாங்கிக்கிறேன்."

மாவு பொங்கி வரும்வரை திட்டினேன். எங்கள் பாஷையில் உள்ள கெட்ட வார்த்தையெல்லாம் தீர்ந்துபோய் உங்கள் பாஷையிலிருந்து கடன் வாங்கினேன். ஒரு சாக்குப்போக்கு சொல்லவில்லை அவர். முந்தின நாள் காய்ந்த ரொட்டிதான் இருந்தது. எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தப் போனேன். "சாத்தாதே. நல்லாத் தெறந்து வை, தெருவுல போறவன் எல்லாம் பாக்கட்டும்" என்றார். பார்த்தார்கள். உன் சம்பந்தியும் பார்த்தார்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. இன்னொரு தரம் பயம் வந்தால் இன்னொரு தரம் ஓடுவார், அவர் பிறவி அப்படி. ஆனால் திரும்பி வரத் தெரிந்த மனிதர். நீ உட்கார்ந்து கடிதம் எழுதுகிறாய். இனி உன்னிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன். பேசவேண்டுமானால் வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசு.

மெலித்தா


தெற்கு வாசல்
மார்கெசுவான் மாதம் 22

மெலித்தா அக்கா,

இதைப் பானை ஓட்டில் எழுதுகிறேன். அடுப்பில் போட்டாலும் எரியாது, படித்துத்தான் ஆகவேண்டும்.

நல்ல நியாயம் உங்களுடையது. கேபா வந்து பசிக்குது என்றதும் ரொட்டி கொடுத்துவிட்டீர்கள். அவருக்கு என்ன போயிற்று? நாலு பேர் முணுமுணுப்பார்கள். அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போய்விடுவார். அவர் எழுந்தால் ஒரு பேச்சு, உட்கார்ந்தால் ஒரு பேச்சு. நான் உட்கார்ந்தால் என் மகள் வாழ்க்கை போகும். திரும்பி வரத் தெரியவேண்டும் என்று எழுதுவதற்கு உங்களுக்கு ஒரு மகள் இருந்திருக்கவேண்டும்.

இருந்தும் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை; நேற்று எலியாசிபு தங்கியிருக்கும் வீட்டுக்கு நானே போனேன். "அன்னைக்கு நான் பொய் சொன்னேங்க. அந்த வீட்டுல நான் கை நனைச்சிருக்கேன். இனியும் நனைப்பேன்" என்றேன். அவர் கத்தவில்லை. "அப்ப பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்குங்கம்மா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

நிச்சயத்துக்குக் கொடுத்த முக்காட்டை அக்சாளே மடித்துத் திருப்பி அனுப்பினாள். அவள் அந்தப் பையனை விரும்பினாள், அக்கா. அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாரத்தின் முதல் நாள் வருகிறேன். மன்னிப்புக் கேட்க வரவில்லை. உங்களை எழுத்தில் திட்டினால் எனக்கு ஆறாது. அக்சாளையும் கூட்டி வருவேன். அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் யாரும் அவளை வற்புறுத்தக் கூடாது, நீங்களும்தான்.

கேபாவை அவளுக்கு நேர் எதிரே உட்காரவையுங்கள். அவரைப் பார்த்துத்தான் நான் எழுந்தேன். திரும்பி வந்து உட்கார அவருக்கு ஒரு காய்ந்த ரொட்டிதான் செலவு. எனக்கு எவ்வளவு செலவு என்று என் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சாப்பிடட்டும்.

எமீமா