நாலு கதவு பிளசரும் செவலைக் கோழியும்

முருகன் துணை

இலுப்பூர்
12-6-61

பினாங்கில் கிராணி உத்தியோகம் பார்க்கும் மகாகனம் பொருந்திய அண்ணன் உடையப்பன் சமூகத்துக்கு, தம்பி தங்கமுத்து தெண்டனிட்டு அறிவிப்பது யாதெனில்:

நிகழும் ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரத்தில், நம் வீட்டுச் செவலைக் கோழி பதினோரு முட்டைகளின் மேல் அடையில் அமர்ந்தருளியது. ஆத்தாவும் தங்கச்சி பொன்னுத்தாயியும் உடனிருந்து சிறப்பித்தார்கள். சேவலுக்கு வேறு ஜோலி இருந்ததால் வரவில்லை.

அரண்மனைச் செய்தி முடிந்தது. இனி வீட்டுச் செய்தி. நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பாய் என்று ஆத்தா சொல்கிறாள். ஆனால் மெலிந்திருப்பாய் என்றும் அவளேதான் சொல்கிறாள். நான் ஐந்தாம் பாரத்துக்கு ஏறிவிட்டேன். கணக்கு வாத்தியாரும் என்னை விட மனசில்லாமல் கூடவே ஏறிவிட்டார். பொன்னுத்தாயி நீ அனுப்பிய சோப்பைக் குளிக்கப் போடாமல் சேலைப் பெட்டிக்குள் வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்டிருந்த பிளசர் கார் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் மழை இல்லை. கிழக்குக் கிணற்றில் தண்ணீர் பாதாளத்துக்குப் போய்விட்டது. மாடுகள் காலையிலிருந்து கமலை இழுத்தும் பாதிக் கடலைதான் நனைகிறது. விராலிமலைப் பக்கம் ஒருவர் பழைய கார் இன்ஜினைக் கழற்றிக் கிணற்று மேட்டில் வைத்து, பெல்ட் மாட்டித் தண்ணீர் இறைக்கிறாராம். ஐயா போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் வராததுமாக, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கும் நம் நாலு கதவு பிளசரை மூன்று சுற்றுச் சுற்றினார். சாமியைச் சுற்றினால் வரம் கிடைக்கும். இதைச் சுற்றியதில் பிளசருக்குச் சாபம்தான் கிடைத்தது. “உடையப்பன் போன மூணு வருசமாச் சும்மாதானே நிக்கிது. இன்ஜினு கெணத்துக்கு, தகரம் பழைய இரும்புக்காரனுக்கு” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பிளசர் என்றால் இன்பம் என்று இங்கிலீஷ் வாத்தியார் சொல்லித் தந்தார். அந்த நேரத்தில் ஐயாவுக்கு அர்த்தம் சொல்லப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை மெக்கானிக் ஷேக் தாவூது பாய், இரண்டு ஆட்களோடும் சங்கிலிக் கப்பியோடும் வந்து இறங்கினார். அங்கேதான் உன் தம்பி களத்தில் குதித்தான்.

“பாய், ஒடைக்காதீங்க. இன்னும் அம்பது வருசத்துல இதைப் பாக்கச் சனம் வரிசையில நிக்கும்” என்றேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “ராசா ஏறுன காருன்னா கண்ணாடி ரூமுல வச்சுப் பாப்பாங்க தம்பி. இது கடலை மூட்டையும் கல்யாணத்துக்குப் போற சனமும் ஏறுன வண்டி. இதெ எவன் பாப்பான்?” என்றார்.

நான் விடுவேனா? சீமையில் பழைய கார்களைத் துடைத்து வைத்து வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்வலம் விடுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பத்திரிகையில் படமே பார்த்தேன் என்றேன். ராஜா காரை யாரும் உடைக்க மாட்டார்கள், அது எப்போதும் எங்காவது இருக்கும். நம்மைப் போன்ற வீட்டுக் காரைத்தான் பழசானதும் ஆளாளுக்குக் கிணற்று மேட்டுக்கு அனுப்புகிறார்கள். எல்லாரும் அனுப்பித் தீர்த்த பிறகு எங்காவது ஒன்று மிஞ்சினால், அதற்குத்தானே மவுசு? ராஜா காரைப் பார்க்கிறவன் ‘அடேயப்பா’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். இதைப் பார்க்கிறவன், ‘எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு’ என்று நின்றுவிடுவான். சும்மா போகிறவனை நிறுத்தி வைக்கிற கார் எது என்று நீங்களே சொல்லுங்கள் பாய் என்று கேட்டேன்.

பாய் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வந்த வழியே போனார். உன் பிளசர் பிழைத்தது! என் பேச்சை ஊரே புகழ்கிறது. ஊர் என்றால் நானும் பக்கத்து வீட்டு ராக்கனும். முன்கதவு இன்னமும் உன் உதைக்குத்தான் திறக்கும் போலிருக்கிறது. என் உதையை அது மதிப்பதே இல்லை.

இந்த நீல ஏர்மெயில் காகிதத்தில் இனி மடிக்கிற பக்கம்தான் பாக்கி. அண்ணே, அந்தப் பக்கத்திலும் புளுகு எழுதக் கை வரவில்லை.

பாய் என் பேச்சுக்காகப் போகவில்லை. நான் பேசி முடித்ததும், “ஏறுனவன் எல்லாம் செத்த பெறகு, எங்க வீட்டுல இருந்துச்சுன்னு எவன் தம்பி சொல்லுவான்?” என்று கேட்டார். கப்பியைத் தொங்கவிட வண்டியைப் புளிய மரத்தடிக்குத் தள்ள வேண்டும் என்று பின்கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து செவலை அவர் மணிக்கட்டில் ஒரு போடு போட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பெருச்சாளி வருகிறது என்று ஆத்தாவிடம் சொல்லி, அடைக் கூடையைக் கோழியோடு தூக்கிப் பின்சீட்டில் வைத்தவன் நான்தான். இடிச் சத்தத்துக்கு முட்டை கெட்டுவிடக் கூடாது என்று கூடைக்குள் இரும்பாணி போடுகிறவள் அல்லவா ஆத்தா? ஒரு வண்டி இரும்புக்குள் கோழி உட்கார்ந்தது அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பாய் அலறியதும் ஓடி வந்து கதவை மறித்துக்கொண்டு, “இப்ப வண்டிய ஆட்டுனா அம்புட்டும் கூமுட்டையாப் போகும். இருபத்தோரு நாளு கழிச்சு வாங்க” என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் ஐயா கோழிக்கு அடங்குகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பாயை அனுப்பிவிட்டு, கூடை அதிராமல் கதவை மெதுவாகச் சாத்தினார். பிறகு என்னிடம், “அவன் ஓட்டுன வண்டி. முப்பதாந் தேதிக்குள்ள அவனை ஒரு வார்த்தை கேட்டுருவோம். காயிதந் தவறாம என்னைய விசாரிக்கிற பயலுக்குத் தெரியாம ஒடைச்சா நல்லாவா இருக்கும்?” என்றார்.

நீ எங்கே விசாரித்தாய் அண்ணே? ஐயாவிடம் சொல்லாமல் கப்பலேறியதிலிருந்து ஆத்தா பேருக்குத்தான் எழுதுகிறாய். ஆத்தா, பொன்னுத்தாயி, நான், பிளசர், வெள்ளைக் காளை எல்லாரும் உன் கடிதத்தில் இருக்கிறோம். நான் அதை வாசித்து முடிக்கிற வரைக்கும் ஐயா மடித்த வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். பார்க்கச் சகிக்காமல், போன வருஷத்திலிருந்து கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்து வாசிக்கிறேன்: ‘ஐயாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?’ அதற்குப் பிறகுதான் வெற்றிலை வாய்க்குப் போகும்.

இனிமேல் அந்த வித்தை செல்லாது. போன மாதம் ஐயா திருச்சியில் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த கடிதத்தைத் தானே வாசிக்கப் போகிறாராம்.

முப்பதாம் தேதி குஞ்சு பொரித்துவிடும். இது கைக்குக் கிடைத்த அன்றைக்கே எழுதிப் போட்டால்தான் உன் பதில் அதற்குள் வந்து சேரும். வண்டி இருக்கட்டும் என்று எழுதுவதோ, கிணற்றுக்குக் கொடுங்கள் என்று எழுதுவதோ உன் இஷ்டம். மேலே மட்டும் ஐயா பேரைப் போடு. அந்த முழங்கால் வரியை இந்தத் தடவை நீயே எழுதிவிடு அண்ணே.

உன்னை முருகன் காக்கட்டும். உன் கடிதம் என்னைக் காக்கட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி,
தங்கமுத்து

வலிப்பது வலது முழங்கால். இடது என்று எழுதிவிடாதே.