திரும்பிப் போன பார்சல்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையில் இங்கே இரண்டு பேருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் நன்றாக இல்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் சாமி கும்பிடும்போது வேண்டிக்கொண்டேன், கோபம் என்பதற்காக அதை விடவில்லை. கும்பிட்டு முடித்தால் ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை. போனில் பேசினால் நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். முழுசாகப் படி.

பார்சலை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்று நேற்று என்னிடம் அத்தனை சத்தம் போட்டாயே, நான் அனுப்பவில்லை. உன் அப்பாதான் அனுப்பினார். நான் மாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தேன், பார்சல்காரர் வாசலில் நின்று அப்பா பேரைச் சொல்லிக் கேட்டார், பெட்டி மேல் உன் பேரும் இருந்ததாம். அப்பா கதவுச் சங்கிலியைக்கூட எடுக்காமல், இது எங்களுது இல்லைப்பா, விலாசம் தப்பு, கொண்டுபோ என்று சொல்லிவிட்டார். நான் இறங்கி வருவதற்குள் வண்டி போய்விட்டது. யார் சொன்னது இதை, யோசித்துப் பார். தபால் ஆபீஸில் தலை நரைக்கிற வரைக்கும் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்துக் கட்டினவர், கோழி கிளறின மாதிரி எழுதின விலாசத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்து ஆளிடம் சேர்த்தவர். ஒரு கடிதம் திரும்பிப் போனால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் ஏமாந்த கதை உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய், பாதிதான் தெரியும். வருஷக் கடைசித் தள்ளுபடி ஆரம்பித்தால் போதும், சொல்லாமல் கொள்ளாமல் எதையாவது அனுப்புவாய், கேட்டால் சஸ்பென்ஸ் என்பாய். அவரும் தினமும் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்தத் தடவை போனில் ஒரு செய்தி, உங்கள் பார்சல் வந்திருக்கிறது, வீட்டு எண் சரியில்லாததால் கொடுக்க முடியவில்லை, கீழே தொட்டு விலாசத்தைத் திருத்திச் சின்னக் கட்டணம் கட்டுங்கள் என்று. பாதி விலைக்கு டிவி, பரிசு விழுந்திருக்கிறது என்றெல்லாம் வந்திருந்தால் அவர் ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டார், அந்த மாதிரி எத்தனையோ வந்து அழித்திருக்கிறார். விலாசம் சரியில்லாமல் ஒரு பெட்டி எங்கோ கிடக்கிறது, அதுவும் மகள் அனுப்பியது என்றதும் கை நிற்கவில்லை. கார்டு நம்பரைப் போட்டார், வந்த ஓடிபியையும் போட்டார். போன் அடுத்தடுத்து சிணுங்கவும் நான் என்னவென்று பார்த்து, கார்டின் பின்பக்கத்தில் இருக்கிற வங்கி நம்பருக்குப் பேசி உடனே முடக்கச் சொன்னேன், புகாரும் கொடுத்தாயிற்று. போன பணம் போனதுதான். கணக்கு நோட்டில் திருட்டு என்று தனியாக எழுதினேன், வீட்டுச் செலவில் சேர்க்கவில்லை. அது செலவு இல்லையே.

அதற்கப்புறம் நீ செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குடும்பக் குரூப்பில், எல்லாரும் உஷாரா இருங்க, எங்கப்பா மாதிரி ஏமாந்துடாதீங்க என்று போட்டு, பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை வேறு. நல்லதுக்குத்தானே என்பாய். திருடன் என்ன செய்தான் என்று எழுதினால் போதாதா, அப்பா பேர் எதற்கு? உன் சித்தப்பா அன்றைக்கே கூப்பிட்டு, என்னண்ணே, விலாசம் கிடைச்சுதா என்று கேட்டுச் சிரித்தார். அப்பாவும் கூடவே சிரித்துவிட்டு, போனைக் கொண்டுபோய் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டார். நீ கூப்பிடும்போதெல்லாம் குளிக்கிறார், தூங்குகிறார் என்று நான் சொன்னது பொய். என்னையும் பொய் சொல்ல வைத்தாய். போன வருஷம் தோல் செருப்பு என்று நீ வாங்கி, பொம்மைக்குப் போடுகிற அளவில் வந்ததே, அதை நான் எந்தக் குரூப்பில் போட்டேன்?

உனக்கும்தான் சொல்கிறேன். தானாக வருகிற எதையும் தொடாதே, கடைப் பேரை நீயே அடித்துப் போ, பேரில் ஒரு எழுத்து கூடக் குறைய இருக்கிறதா என்று பார். உலகத்தில் இல்லாத விலைக்கு ஒருத்தன் தருகிறான் என்றால் ஏன் தருகிறான் என்று கேள். காபிக் கடையில் உட்கார்ந்து இலவச வைஃபையில் பணம் கட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம், மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான். நம் வீட்டில் இனி சஸ்பென்ஸ் கிடையாது. என்ன பெட்டி, எப்போது வரும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு அனுப்பு. என்னிடம் இல்லை, அப்பாவிடம்.

அவரிடம் மன்னிப்பு கின்னிப்பு என்று அழுது வைக்காதே, அவருக்கு இன்னும் கூச்சமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனை எடுத்து அவர் கையில் நான் கொடுக்கிறேன். அப்பா, பெட்டி திரும்பி வந்துடுச்சு, விலாசம் எப்படி எழுதினா சரியா வரும்னு சொல்லுங்க என்று கேள். அவர் சொல்லச் சொல்ல எழுது, தெரியும் தெரியும் என்று அவசரப்படாதே, எதையும் இரண்டு தடவை சொல்வார், இரண்டு தடவையும் கேள். இன்றைக்குக் காலையில் அந்தப் பார்சல்காரரைத் தெருமுனையில் பிடித்து விசாரித்தேன். பெட்டியில் விலாசம் சரியாகத்தான் இருந்ததாம். அப்பா கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் தப்பு என்றாராம்.

கடவுள் உங்கள் இரண்டு பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. குரூப்பில் போட்டதை இதைப் படித்த கையோடு எடுத்துவிடு.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத
உன் அம்மா