ரேமுக்கு வைத்த பொட்டு

சிபியூவின் பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும் சந்தன வாசனை வந்தது. தூசி வாசனையைத்தான் எதிர்பார்த்திருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். புதிதாகப் பொருத்திய ரேம் என்னும் நினைவகப் பட்டையின் நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். சந்தனம் வழிந்து, கீழே இருக்கும் தங்கநிறப் பற்களில் இறங்கிக் காய்ந்திருந்தது. நீங்கள் இறந்து இருபது நாள் ஆகிறது. கடைசிவரை திருந்தவில்லை.

உங்கள் மகள்தான் இதை விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "அங்கிள், அப்பா போட்டோ எல்லாம் இதுலதான் கீது. ஸ்லோவா கீதுன்னு போன மாசம் அவரே புது ரேம் வாங்கிப் போட்டாரு. அதுலேர்ந்து ஆன் ஆவல. கடைக்காரரு போர்டே போச்சுன்றாரு. நீங்க பாத்தா செரியாவும்னு அம்மா சொல்லிச்சு" என்றாள். பதினோரு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவர்கள் நண்பர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை.

அது, நீங்கள் தலைமை நிருபராகவும் நான் உங்களுக்குக் கீழேயும் இருந்த நம் விழுப்புரம் அலுவலகக் கணினிதான். அலுவலகம் கழித்துப் போட்டபோது நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போனது. அதன் உள்ளே சந்தனத்தைப் பார்ப்பது எனக்கு இது இரண்டாவது முறை.

முதல் முறை, பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கெடார் பக்கத்து ஊர் ஒன்றில், கொள்முதலுக்குக் கொண்டுவந்து களத்தில் கொட்டிய நெல் பத்து நாள் மழையில் கிடந்து முளைத்திருந்தது. பொறுப்பில் இருந்தவர்கள், ஒரு மணி நெல்கூட நனையவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் படம் எடுத்தேன். ஏழுமலை என்ற விவசாயி முளைத்த நெல்லை இரண்டு கையிலும் அள்ளிக் காட்டினார். "நாளைக்குக் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கறோம் சார். உங்க பேப்பரக் கையில புடிச்சிக்கினு போய் நிப்போம். வெறுங்கையோட போனா எவன் நம்புவான்?" என்றார். வந்துவிடும் என்று சொன்னேன்.

மாலை நாலு பத்துக்குப் படங்களைக் கணினியில் ஏற்றினேன். கேமராவின் கார்டை அப்போதே அழித்தேன். அலுவலகத்தில் இருந்தது ஒரே கார்டு, அப்படித்தான் வழக்கம். படங்களைத் திறந்தால் கணினி திணறி நின்றுவிடும். அதற்காகவே முந்தின நாள், தலைமை அலுவலகம் எழுதிக் கொடுத்தபடி ரேம் வாங்கி வைத்திருந்தேன். அதை மாட்டப்போகும்போது நீங்கள் கையை நீட்டினீர்கள்.

"குடுய்யா இப்படி. புதுப் பொருள அப்படியேவா போடுவ?"

உங்கள் மேசையில் எப்போதும் ஒரு சந்தனக் கிண்ணம் இருக்கும். புது மின்விசிறி, புதுப் பூட்டு, புது ஸ்டேப்ளர், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவர் நீங்கள். நான் அதைக் கேலி செய்ததில்லை. ஆனால் அன்று கிண்ணத்தில் தண்ணீர் அதிகம். சந்தனம் வழிந்தது.

"சார், அந்தப் பல்லு மேல படக்கூடாது."

"உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? பொட்டு வெக்காத பொருள் வெளங்காதுய்யா."

நீங்களே மாட்டினீர்கள். பட்டனை அழுத்தினீர்கள். திரை கறுப்பாகவே இருந்தது. நீளமாக மூன்று பீப் சத்தம், சற்று இடைவெளி, மறுபடி மூன்று. பழைய ரேமை எடுத்து அதே இடத்தில் செருகிப் பார்த்தோம். அதற்கும் அதே சத்தம். சந்தனம், ரேமைச் செருகும் குழிக்குள்ளேயே போய்விட்டது. இது ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு அல்ல.

"நாலு நிமிஷம் குடுங்க சார். பிரஷ்ஷால குழியத் தொடச்சிட்டு, ரேம ரப்பரால தேய்ச்சிப் போடறேன்."

"கை வெச்சே, நடக்கறதே வேற. கண்ட ரேமையும் வாங்கியாந்துட்டு சாமி மேல பழி போடறியா? போய் மெக்கானிக்கக் கூட்டிக்கினு வா. ஜல்தி!"

போனேன். ஞாயிற்றுக்கிழமை. ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. தெரிந்த மெக்கானிக்குகள் மூன்று பேர் வீட்டுக்கும் நடந்தேன். ஒருவரும் ஊரில் இல்லை. எட்டு மணிக்கு உங்களுக்குப் போன் செய்தேன். மாவட்டப் பக்கத்தை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "இன்னும் உயிர் வர்லய்யா. நீ வீட்டுக்குப் போ" என்றீர்கள்.

மறுநாள் காலை கலெக்டர் அலுவலக வாசலில் ஏழுமலை நம் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். "இன்னா சார், எங்க நெல்லு எந்தப் பக்கத்துல கீது?" கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றேன். அவர் பேப்பரை மடித்தார். வெறுங்கையோடு போன மனுவுக்கு, அங்கே நெல் நனையவில்லை என்பதே பதிலாக வந்தது. அதற்குள் களத்தையும் கூட்டிச் சுத்தமாக்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை கணினி ஓடியது. "முடிஞ்சு போன கதை. இன்னாத்துக்கு இப்போ?" என்று சொல்லி, நீங்கள் படங்களைப் போட விடவில்லை. அந்த வாரமே எனக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தது. காரணம் சொல்லவில்லை.

இப்போது உங்கள் மகள் கொடுத்த கணினிக்கு வருகிறேன். குழியைப் பிரஷ்ஷால் துடைத்தேன். ரேமின் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று விழும்வரை அழுத்தினேன். ஒரே ஒரு பீப். திரை வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

குடும்பப் படங்களைத் தேடும்போது பழைய அலுவலகக் கோப்புகளும் இருந்தன. நீங்கள் எதையும் அழிக்கவில்லை. ஏழுமலையின் படங்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே தலைமை அலுவலகத்துக்கு நீங்கள் எழுதிய கடிதம். நான் உங்கள் பேச்சைக் கேட்காமல் பொருந்தாத ரேமை வாங்கி மாட்டிக் கணினியைப் பழுதாக்கினேன், அதனால் செய்தி அனுப்ப முடியவில்லை, எனக்கு மாற்றல் தர வேண்டும் என்று. அதைச் சேமித்த நேரம், அதே ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு நாற்பத்திரண்டு.

கணினியின் கடிகாரம் தவறாக இருந்திருக்குமோ என்று யோசித்தேன். படங்களை ஏற்றிய நேரம் அதில் நாலு பத்து. என் பழைய குறிப்பேட்டிலும் நாலு பத்து.

ஆக, ஏழு நாற்பத்திரண்டுக்குக் கணினி ஓடிக்கொண்டிருந்தது. நான் தெருத்தெருவாக அலைந்தபோது நீங்கள் சந்தனத்தைத் துடைத்திருக்கிறீர்கள். அது ஓடியதும் உட்கார்ந்து செய்தியை அனுப்பவில்லை, புகாரை எழுதினீர்கள். எட்டு மணிக்கு உயிர் வரவில்லை என்றீர்கள். ஒரு பொட்டு தப்பாகப் போனதை ஒத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமாகவா இருந்தது? இதற்கு மேலும் காரணம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுதுவதில்லை.

குடும்பப் படங்களைப் பென் டிரைவில் போட்டு உங்கள் மகளிடம் கொடுத்தேன். அந்தக் கடிதத்தைக் காட்டவில்லை. அது உங்களுக்காகச் செய்ததல்ல. அவள் கேட்டது படங்களை மட்டும்தான்.

ஏழுமலையின் படத்தை அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு கெடார் பக்கத்தில் இருக்கும் அவர் ஊருக்குப் போனேன். அவர் மல்லாட்டைக் கடலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "யாரு சார் இது, நானா? தல மயிரு இம்மாங் கறுப்பா கீது" என்று சிரித்தார். பிறகு படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "மொளப்பு நல்லாத்தான் தெரியுது" என்றார். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று அன்று நான் சொன்னது தவறு, அது ஓடியது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தாளு எங்க இப்போ?"

"செத்துட்டாரு."

"உயிரோட இருந்தப்ப வுட்டுட்டு, செத்தப்புறம் வந்து சொல்றியே சார்." மல்லாட்டையைக் காலால் தள்ளிப் பரப்பினார். "அது கெடக்கட்டும். கேமராவுல நீ ஒரு காப்பி வெச்சிருக்கக் கூடாது?"

கார்டை அழித்தது நான்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எந்தக் கார்டையும் நான் அழித்ததில்லை. நிரம்பினால் ஊர்ப் பெயரை எழுதி ஒட்டித் தகர டப்பாவில் போடுகிறேன். ஏழுமலையின் அந்தப் படங்களை ஏற்றி, கெடார் என்று எழுதிய கார்டு இப்போதுதான் அதில் சேர்ந்தது. உங்கள் மகளுக்குக் கொடுத்த படங்களில் ஒன்றுக்கும் நான் காப்பி எடுத்து வைக்கவில்லை.