ஏரி ரோட்டின் இடது ஓரம்

நவம்பர் 19

இன்றும் வேலை நேரத்துக்கு முன்பே நகராட்சியின் பனி சுரண்டும் வண்டியை எடுத்துக்கொண்டு ஏரி ரோட்டுக்குப் போனேன். முறைப்படி அந்த ரோடு மத்தியானம்தான். ஆனால் மகள் ஹில்லா காலையில் ஓட வேண்டுமே. கத்தியை இறக்கி, தார் தெரியும்வரை இடது ஓரமாக ஒரே இழுப்பு. வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாடு இது; எதிரே வரும் வண்டி தெரிய, கால்நடையாகப் போகிறவர்கள் இடப்பக்கம் போவதுதானே வழக்கம். மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி ஐஸ். ஏரியைச் சுற்றி ஒரு ஆள் அகலத்துக்குக் கறுப்பு ரிப்பன்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. பிப்ரவரியில் குவோபியோ நகர உள்ளரங்கத்தில் தேசியப் போட்டி, மூவாயிரம் மீட்டர். "பதக்கம் எட்டுற தூரம்தான்" என்று பயிற்சியாளர் ராய்மோ சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஓடப்போவது நான் இல்லை என்பது என் உடம்புக்குப் புரியவில்லை.

டிசம்பர் 6

எங்கள் நாட்டுச் சுதந்திர தினம். வழக்கப்படி ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி. அவள் ஓட, துணைக்கு நான் பின்னால், காலால் உதைத்துத் தள்ளும் சறுக்கு வண்டியில். முதல் வளைவிலேயே அவள் நெற்றி விளக்கு மறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பைவி கேட்டாள்: "ஏன் வெய்யோ, காவலுக்குன்னு போனியே, யாரு யாரைக் காப்பாத்தினா?"

பனிக்குவியலில் தலைகுப்புற விழுந்த என்னை ஹில்லாதான் தேடிவந்து தூக்கினாள். பைவிக்கு எப்படித் தெரிந்தது? என் தாடி முழுக்கப் பனி.

டிசம்பர் 24

சவுனாவில் சூடான நீராவிக் குளியல் முடித்து வந்த ஹில்லா இடது முழங்காலுக்குக் கீழே எலும்பை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. குளிரு."

சவுனாவிலிருந்து வருகிறவளுக்குக் குளிராம்.

டிசம்பர் 25

பண்டிகைதான். இருந்தாலும் போய்ச் சுரண்டினேன்.

ஜனவரி 11

குவோபியோவில் முன்னோட்டப் பந்தயம். பாதிவரை இரண்டாவதாக ஓடினாள். அப்புறம் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நின்றுவிட்டாள். பந்தயத்தில் அவள் நின்று நான் பார்த்ததே இல்லை.

காரில் திரும்பினோம். ஏலக்காய் பன் வாங்கியிருந்தேன். யாரும் தொடவில்லை. நான்கூட.

ஜனவரி 14

எலும்பில் விரிசல்.

டாக்டரம்மா கேட்டார்: "எப்பவும் ரோட்டோட ஒரே ஓரத்துலதான் ஓடுவியா? ஓரம் சரிவா இருக்கும். பள்ளத்துப் பக்கத்துக் காலுதான் அடி வாங்கும்."

ஹில்லா என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லியே டாக்டர். ரெண்டு ஓரத்துலயும் மாறி மாறித்தான் ஓடுவேன்."

பொய். பச்சைப் பொய்.

தண்ணீர் வடிய ரோட்டின் ஓரம் சரிந்துதான் இருக்கும் — அந்தச் சரிவுக்குக் கத்தியைச் சாய்த்துப் பிடித்துத்தானே இத்தனை வருஷமாகச் சோறு தின்கிறேன்? தெரியாதா எனக்கு? தெரியும்டா மடையா. புள்ளையோட காலையும் அதையும் சேத்துப் பாக்கத்தான் தெரியல. அந்த ரிப்பனை விரிச்சதே நான்தானே—

ஜனவரி 15

பனி கொட்டியது. ஏரி ரோட்டை மத்தியானம் சுரண்டினேன். முறைப்படி.

பிப்ரவரி 3

பைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 22

இன்று தேசியப் போட்டி. ஹில்லா டிவி போட விடவில்லை. நான் கிளம்பும்போது ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தாள். "அப்பா, வண்டியில நானும் வரேன்."

வெளி ஆளை ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஏற்றிக்கொண்டேன்.

ஏரி ரோட்டில் இடது ஓரமாக ஒரு சுற்று. குவோபியோவில் பந்தயம் தொடங்கும் துப்பாக்கி வெடித்திருக்கும் நேரம். இருவருமே கடிகாரத்தைப் பார்த்தோம். இருவருமே பார்க்காத மாதிரி இருந்தோம்.

சுற்று முடிந்ததும் சொன்னாள்: "அந்தப் பக்க ஓரத்தையும் சுரண்டிடுப்பா."

"யாருக்கும்மா?"

கண்ணாடியில் படிந்த மூச்சைக் கையுறையால் துடைத்தாள். "யாராவது ஓடுவாங்கல்ல."

'நான்' என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். பாலம் வந்தது, போனது.

கத்தியை இறக்கினேன்.