பைய நட

மார்ச் 9, திங்கள். பெருமாநல்லூர்.

வெயில் இப்போதே கொளுத்துகிறது. நேற்று கோவை விமான நிலையத்தில் அண்ணன். தலையில் தொப்பி. தொப்பி போடுகிற ஆளே இல்லை அவன். கழற்றச் சொன்னேன். மொட்டை அடித்து முளைத்த முடி.

அதுவே சொல்லிவிட்டது. அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அம்மாவும் போய்விட்டாள், பிப்ரவரி தொடக்கத்தில். நான் தென்துருவக் கடலில் ஆராய்ச்சிக்காகத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன்.

"எப்புடி அம்மிணி சொல்றது? நடுக்கடல்ல நிக்கற. சொன்னா கப்பலத் திருப்பவா போறாங்க?" காரில் வரும் வழியெல்லாம் இதையே சொன்னான்.

போன வாரம் வரை அம்மாவின் செல்லிலிருந்து எனக்கு மெசேஜ் வந்தது. 'சாப்டியா கண்ணு.' அனுப்பியது எஸ்தர் அண்ணியாம்.

மார்ச் 10, செவ்வாய்.

செய்ய வேண்டியவை: கம்பளி உடைகள் துவைக்க. ஆய்வுக்கூடத்துக்கு மெயில். அம்மாவின் சேலைகள், இப்போது வேண்டாம்.

அண்ணிக்குத் தூத்துக்குடிப் பக்கம். அண்ணனின் பனியன் யூனிட்டுக்குச் செக்கிங் வேலைக்கு வந்தவள். அவன் கட்டிக்கொண்டான். அம்மா ரொம்ப நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகும் அளந்துதான் பேச்சு. அவள் எனக்குக் 'கண்ணு' போட்டிருக்கிறாள்.

காலையில் காபி கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை.

"ஆறிரும்ல, குடி."

ஆறட்டும்.

அண்ணனிடம் கேட்டேன், எதுவரை அம்மா எழுதினாள், எங்கிருந்து அண்ணி என்று. "நெனப்பில்ல அம்மிணி. ஆஸ்பத்திரி, ஊடு, யூனிட்டுன்னு அலைஞ்சதுல நாளு கெழமையே தெரியல." எனக்கு வேண்டியது ஒன்றுதான். அம்மா எனக்குக் கடைசியாக எழுதியது எது. இதைக்கூடச் சொல்ல இந்த வீட்டில் ஆள் இல்லை.

மார்ச் 12, வியாழன்.

கரண்ட் இல்லை. ஃபேனும் ஓடவில்லை. மடிக்கணினியில் சார்ஜ் இருக்கும்வரை வேலை.

ஆக்சிஜன் முடிவுகள் வந்திருக்கின்றன. கடலுக்கடியில் தண்ணீர் அடுக்கடுக்காகக் கிடக்கிறது. சில இடத்தில் உப்பையும் வெப்பத்தையும் மட்டும் பார்த்தால் எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. கனமான ஆக்சிஜன் எவ்வளவு என்று அளந்தால் பிடிபடும். நிலத்துப் பனிப்பாறை உருகிய தண்ணீரில் அது குறைவு. கடல் உறைந்து உருகிய தண்ணீரில் அவ்வளவு குறையாது. வெயிலில் ஒரே வெள்ளையாகத் தெரியும் இரண்டு லாட் துணி, செக்கிங் விளக்கின் கீழே வேறு வேறு ஷேடு காட்டுவது மாதிரி. இன்னொன்றும் அளக்கிறோம். பழைய ஃபிரிட்ஜுகளிலிருந்து காற்றில் கலந்த வாயு. தண்ணீரில் அது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தால், அந்தத் தண்ணீர் கடைசியாக எப்போது காற்றைப் பார்த்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

கணினி அணைந்தது. செல்லை எடுத்து அம்மாவின் மெசேஜ்களை மேலிருந்து படித்தேன். சாப்டியா, தூங்குனியா, குளுருதா. எல்லாவற்றிலும் கண்ணு. இதை வைத்துப் பிரிக்க முடியாது.

பிறகு கிடைத்தது. ஜனவரிக் கடைசியில்: 'பனி மேல பைய நட கண்ணு.'

பைய. எங்கள் வீட்டில் யார் சொல்வார்கள் அதை? பத்திரமாக என்பதற்கு அம்மாவுக்கு எப்போதும் 'பதனம்'தான். பதனமா போ, பதனமா இரு. மெதுவாக என்பதைப் பைய என்பது அண்ணியின் ஊர்ப் பேச்சு. ஆக அங்கிருந்து அண்ணி. அதற்கு முந்தையது: 'அரிசிம்பருப்பு ஆக்குனேன். உன்ன நெனச்சேன். பதனமா இரு கண்ணு.'

இதுதான் கடைசி. நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதேன். பாதி நிம்மதியும் இருந்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி.

சமையலறையில் அண்ணியிடம் கேட்டேவிட்டேன். "அம்மா மாதிரி எழுதறதுக்கு எப்புடிங்க மனசு வந்துச்சு உங்களுக்கு?"

வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். "அத்த கேட்டுக்கிட்டாக. புள்ள கரைக்கு வந்த பொறவு சொல்லுங்கன்னு. அதுவரைக்கும் நீ அனுப்புன்னு போன எங்கையில குடுத்தாக."

"அம்மா இருக்கறப்பவே ஆரம்பிச்சுட்டீங்கல்ல. 'பைய நட'ன்னு போட்டது."

கை நின்றது.

"அது நான் இல்ல. அத்தயே ஒத்த வெரலால அடிச்சாக. அவ்வளவு நேரம் ஆச்சு."

"அம்மா 'பைய'ன்னு சொல்லாதுங்க."

"சொன்னாகளே. பாத்ரூமுக்கு நாந்தான கூட்டிட்டுப் போவேன். பைய வாங்க, பைய கால வையுங்கன்னு நான் சொல்லிச் சொல்லி அவுகளுக்கும் தொத்திக்கிட்டு. நர்ஸ்கிட்டயே 'பைய குத்து கண்ணு'ன்னாக. ரெண்டு பேரும் சிரிச்சோம்." மூக்கை உறிஞ்சினாள். "அதுக்கு நீ போட்ட பதிலப் பாத்தாக. அதுக்குப் பொறவு போன அவுக தொடல."

வெங்காயம் என்றுதான் நினைத்தேன். வெங்காயம் இல்லை.

மார்ச் 15, ஞாயிறு.

மேகமூட்டம். மழை வராது.

எந்த அடையாளத்தை எடுத்தாலும் அது எங்கிருந்தெல்லாம் வரும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். வேறு ஊற்றும் இருந்தால் கணக்கு தப்பும். முதல் வருட மாணவிக்கு நானே சொல்லிக்கொடுப்பது. அண்ணியின் சொல் அம்மாவின் வாய்க்குப் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இரண்டு பேரும் சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை.

அம்மா போன பிறகு வந்ததற்கெல்லாம் நான் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன். பென்குயின் கூட்டம், பனிப்பாறை உடைகிற சத்தம், சமையல்காரர் வைத்த ரசம், வந்ததும் கொடுமுடிக்குப் போகலாம் அம்மா. "நல்லாருந்துச்சு, ரெண்டு தரம் வாசிச்சேன்," என்றாள் அண்ணி இன்று, காபியை நீட்டிக்கொண்டே. வாங்கிக் குடித்தேன்.

'பைய நட'வுக்கு என்ன எழுதினேன் என்று இப்போதுதான் பார்த்தேன். அன்று டெக்கில் என் முறை. தண்ணீர் பிடித்த பாட்டில்கள் கடலிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தன. கை விறைத்திருந்தது.

ஒரு கட்டைவிரல் படம். அவ்வளவுதான்.

பக்கத்தில் நீல டிக். அம்மா பார்த்திருக்கிறாள்.