பேசாத முக்கால் மணி நேரம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

இன்று செல்வியை அவள் மாமியார் கூட்டிவந்தார். இந்த ஆரணியில் மனநல ஆலோசனைக்கு யார்தான் தனியாக வருகிறார்கள்? பயிற்சியில் சொன்னபடி மாமியாரை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். செல்வி வாயே திறக்கவில்லை. மௌனத்தை மதிக்க வேண்டும் என்பதும் பயிற்சியில் சொன்னதுதான். முக்கால் மணி நேரம் மதித்தேன். தறியில் காய்த்துப்போன விரல்களை அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் போன் செய்தாள்.

"பக்கத்து பக்கத்து தறியில உக்காந்துகினு எங்க அத்தை மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க மேடம். அவ்ளோ நேரம் கதவ சாத்திகினு எங்களப் பத்தி என்ன சொன்னன்னு ஒரே பேஜாரு. நான் ஒண்ணுமே சொல்லலன்னு நீங்களே சொல்லிடுங்க."

அது உண்மை. ஒரு வரி போதும். ஆனால் அறைக்குள் நடந்த எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேசாமல் இருந்ததும் அதில் சேருமா? படித்தபோது யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"உள்ள நடந்தத நான் யார்கிட்டயும் சொல்லக்கூடாதும்மா" என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறாள்.

"கேட்டியா?" என்றது மாமியாரின் குரல். "சொல்லக்கூடாதாமே. அப்ப என்னமோ சொல்லித்தான் கீற."

திரும்பக் கூப்பிட்டேன். மாமியார்தான் எடுத்தார். "அவ தறியில இருக்கா. இனிமே வரமாட்டா" என்று வைத்துவிட்டார்.

அறிக்கைப் படிவத்தில் 'ரகசியம் காக்கப்பட்டதா?' என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிக் அடித்துவிட்டேன். பொய் இல்லை.